சுவர் மூணேமுக்கால் அடி: வழிபாட்டு இடத்தின் பாதுகாப்புக்கு அரசிடம் பணம் கேட்ட அனுபவம்

2023 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, எங்கள் சர்ச்சைக் கூட்டிப் பெருக்கும் பாட்டி எனக்குப் போன் செய்து, "அம்மிணி, உள்ள தீஞ்ச நாத்தம் அடிக்குது, நான் கதவைத் தொறக்கல, நீ வா சாமி" என்றார். நான் போய்ப் பார்த்தபோது தெற்குப் பக்க ஜன்னல் கண்ணாடி மூன்றும் உடைந்து கிடந்தன. பீடத்தின் மேல் விரித்திருந்த வெள்ளைத் துணி பாதி கருகி, கருகின ஓரம் மரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தீ தானாகவே அணைந்திருக்கிறது. என் அம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருசம் தைத்துக் கொடுத்த துணி அது, ஓரத்தில் திராட்சைக் கொத்து அவரே நூல் வேலை செய்தது. பாட்டுப் புத்தகங்களின் மேல் கண்ணாடித் தூள் கல்லுப்பு மாதிரி கிடந்தது. அன்றைய ஆராதனையை வெளியே வேப்பமரத்தடியில் நடத்தினோம். முதல் பாட்டுக்கு யாருக்கும் குரல் எழும்பவில்லை.

யார் செய்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் ரெண்டு வருசம் அரசு அலுவலகங்களுக்கு அலைந்ததில் எப்படிக் கேட்டால் கிடைக்கிறது, எப்படிக் கேட்டால் கிடைப்பதில்லை என்று கொஞ்சம் தெரிந்துகொண்டேன். சின்ன சர்ச், சின்னப் பள்ளிவாசல், ஊர்க்கோயில் இவற்றின் நிர்வாகத்தில் இருக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுடையது நொய்யலுக்கும் அமராவதிக்கும் நடுவில் இருக்கிற மேட்டுக்காட்டு ஊர். சபையில் அறுபது குடும்பம், பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் காட்டு வேலைக்கும் போகிறவர்கள்தான் எல்லாரும். நான் திருப்பூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன், சர்ச் கமிட்டியில் செயலாளர். கட்டடம் 1986இல் கட்டியது, ஊர்க் கடைசியில், ஓடைக்கரையை ஒட்டி.

முதலில் போலீஸ் ஸ்டேஷன். அங்கே மனுவை வாங்கிக்கொண்டு சிஎஸ்ஆர் ரசீது ஒன்றைக் கையில் கொடுத்தார்கள், நாங்களும் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்துத் திரும்பி வந்துவிட்டோம். சிஎஸ்ஆர் என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது மட்டும்தான், வழக்கைப் பதிவு செய்கிற எஃப்ஐஆர் வேறு. பத்து நாள் கழித்து எனக்குத் தெரிந்த வக்கீல் அக்கா ஒருவர் சொன்னபின் மறுபடியும் போய் நின்று, வழிபாட்டு இடத்தைச் சேதப்படுத்துவதற்கான அன்றைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 295ஐக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் எஃப்ஐஆர் போட்டார்கள். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த சம்பவம் என்றால், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 298. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், "இங்க என்ன நடந்துச்சுங்க, அதுக்கு ஆதாரம் என்ன" என்றுதான் கேட்கிறார்கள், கையில் எஃப்ஐஆர் நகல் இருந்தால் பேச்சே வேறு மாதிரி போகிறது.

அடுத்தது மனு. பிப்ரவரியில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்த முதல் மனுவை இப்போது படித்தால் எனக்கே மனசு கஷ்டமாக இருக்கிறது. ரெண்டு பக்கம். "நாங்கள் பெரும் அச்சத்தில் வாழ்கிறோம், எங்கள் ஆலயத்துக்கு உரிய பாதுகாப்பு வழங்க வேண்டும்" என்று எழுதியிருந்தேன். எல்லாம் உண்மை, ஒரு வார்த்தைகூட மிகை இல்லை. ஆனால் அதைப் படிக்கிற அதிகாரி செய்வதற்கு அதில் எதுவும் இல்லை. மனு காவல் துறைக்குப் போனது, அங்கிருந்து ஒரு காவலர் ராத்திரி ரோந்து வந்து, வந்ததற்கு அடையாளமாகப் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுப் போனார், மூன்று வாரம் வந்தார், அப்புறம் நின்றுவிட்டது. "தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது" என்று பதில் வந்து மனுவை முடித்துவிட்டார்கள்.

வழி தெரிந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. என் சித்தப்பா மகன் அமெரிக்காவில் இருக்கிறான், அவனுடைய நண்பர் அங்கே ஒரு இந்துக் கோயில் கமிட்டியில் இருக்கிறார். அங்கே வழிபாட்டு இடங்கள் உள்ளிட்ட லாப நோக்கமில்லாத அமைப்புகளின் பாதுகாப்புக்கென்றே மத்திய அரசு மானியம் ஒன்று 2005 வாக்கிலிருந்து இருக்கிறது, ஃபெமா என்கிற பேரிடர் மேலாண்மை முகமை நடத்துகிறது. யூத அமைப்புகள் விடாமல் கேட்டுத்தான் அது தொடங்கியது. 2012இல் விஸ்கான்சின் மாநிலத்து ஓக் க்ரீக் குருத்வாராவில் சீக்கியர்கள் சிலரும், 2018இல் பிட்ஸ்பர்க் யூத ஆலயத்தில் 11 பேரும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு இன்னும் பல மதத்தவரும் சேர்ந்து கேட்கத் தொடங்கினார்கள். 2023இல் ஒரு இடத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர் வரைக்கும் கேட்கலாம். இங்கிலாந்திலும் 2016 முதல் வழிபாட்டு இடங்களுக்குக் கேமரா, வேலி, அலாரம் வைத்துக் கொடுக்கிற அரசுத் திட்டம் இருக்கிறது.

தொகையை விட, அவன் சொன்ன இன்னொரு விஷயம்தான் என் மனசில் நின்றது. அமெரிக்க விண்ணப்பத்தோடு அந்த இடத்தில் என்னென்ன பலவீனம் என்ற மதிப்பீட்டை இணைக்க வேண்டும், கேட்கிற ஒவ்வொரு பொருளும் அதிலுள்ள ஒரு பலவீனத்தோடு பொருந்த வேண்டும். "அக்கா, பயமா இருக்குன்னு அங்க எழுதறதே இல்ல. கதவு எப்படி இருக்கு, வெளிச்சம் எங்க இல்ல, அதைத்தான் எழுதறாங்க" என்றான்.

அந்த வார ஞாயிறு மத்தியானம் கம்பெனி இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய் நானும் எங்கள் வாலிபர் சங்கத்துப் பையன்கள் ரெண்டு பேரும் சர்ச்சைச் சுற்றி அளந்தோம். கிழக்குச் சுவர் நீளம் 118 அடி, உயரம் மூணேமுக்கால் அடி. என் மார்பு உயரம்கூட இல்லை, சின்னப் பையன் ஒரே தாவில் தாண்டிவிட்டான். ஓடைப் பக்கம் சுவரே இல்லாமல் முள்வேலி, அதிலும் ஆடு நுழைகிற சந்து ஒன்று. தெற்கு ஜன்னல்களில் கம்பி கிடையாது. முன் கேட்டின் கொண்டியை வெளியிலிருந்து கையை விட்டே தூக்கிவிடலாம். பூட்டுச் சாவி ஊரில் ஐந்து பேரிடம் இருந்தது, அதில் ஒருவர் இறந்து நாலு வருசமாகிவிட்டது.

ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடியும் போனோம். மெயின்ரோட்டு முக்கிலிருந்து சர்ச் வரைக்கும் 11 விளக்குக் கம்பம், எரிந்தது நாலு. எல்லாக் கம்பத்தின் எண்ணையும் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பகலில் ஒன்று, ராத்திரியில் ஒன்று என்று போட்டோ எடுத்தோம். இது எதற்கும் காசு ஆகவில்லை. அன்றைக்கே சாவி ரெண்டு பேரிடம் மட்டும் என்று முடிவு செய்து, யார் திறந்தார்கள், யார் பூட்டினார்கள் என்று எழுத ஒரு நோட்டுப் போட்டோம். அரசிடம் கேட்கும் முன்னால் நம்மால் செய்ய முடிந்ததை நாம் செய்துவிட வேண்டும், அலுவலகத்தில் அதையும் பார்க்கிறார்கள்.

அந்த ராத்திரி கம்பம் எண்ணிக்கொண்டிருந்தபோது ஊர் மாரியம்மன் கோயில் பூசாரி அண்ணன் சைக்கிளில் வந்தார். என்ன செய்கிறோம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "எங்க உண்டியலை ஒடைச்சாங்களே, ரெண்டு வருசம் ஆச்சுங்க அம்மிணி. இந்த இருட்டுலதான் வந்து இந்த இருட்டுலயே போனாங்க. எங்களையும் சேத்துக்குங்க" என்றார். மெயின்ரோட்டு முக்கில் பள்ளிவாசல் இருக்கிறது, ஜமாத் செயலாளர் பாயிடமும் போய்ப் பேசினோம். அவர்களுக்குக் கபர்ஸ்தான், அதாவது அடக்கம் செய்கிற இடத்தின் சுவர் இடிந்து கிடந்தது. ஆக ஒரே தெருவில் மூன்று இடம், மூன்றுக்கும் பொதுவாக இருக்கிற இருட்டு ஒன்று.

பாய் சொன்னதைக் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும். அவர் 1997 நவம்பரில் கோயம்புத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், அப்போது அங்கே நடந்த கலவரத்தில் கடை போய்விட்டது. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 பேர் செத்ததையும் அதற்கப்புறம் அந்த ஊர் மாறிப் போனதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர். "கேமரா வேணும்னு எல்லாரும் சொல்றீங்க. எங்க பள்ளிவாசல் வாசலைப் பாத்துக் கேமரா வெச்சா அது எங்களைக் காப்பாத்தறதுக்கா, யாரு தொழுகைக்கு வர்றாங்கன்னு எண்ணறதுக்கா? அதை முதல்ல பேசிக்கலாம்மா" என்றார். எனக்கு அப்படி ஒரு கேள்வி வரும் என்றே தோன்றியிருக்கவில்லை, அவர் கேட்டதில் நியாயம் முழுக்க இருந்தது. மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசினோம். பொதுப் பணத்தில் வருகிற கேமரா ரோட்டையும் முக்கையும்தான் பார்க்க வேண்டும், எந்த வழிபாட்டு வாசலையும் பார்க்கக் கூடாது, உள்ளே வைக்கிறதை அவரவர் சொந்தச் செலவில் வைத்து அவரவரே பதிவை வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு கூட்டத்தார் கண்காணிக்கப்படுகிறவர்களாக ஆகிவிடக் கூடாது. இதைப் பேசாமல் கேமரா கேட்காதீர்கள்.

பூசாரி அண்ணன் ஒன்றை நினைவுபடுத்தினார். 2022 அக்டோபர் 23 விடிகாலை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்ததே, அதற்கப்புறம் கோவை ஜமாத்துக்காரர்கள் அந்தக் கோயிலுக்கே நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். "அது மாதிரி நாமளும் ஒண்ணாப் போய் நிக்கலாமுங்க" என்றார். அப்படித்தான் போனோம்.

நம் ஊரில் வழிபாட்டு இடத்தின் பாதுகாப்பு என்று எழுதி வைத்த ஒரே கதவு கிடையாது. எந்தச் செலவு எந்தக் கதவில் போகும் என்று பிரித்துத் தட்ட வேண்டும், அது தெரியாமல்தான் என் முதல் மனு வீணாயிற்று.

தெருவிளக்கு ஊராட்சியின் வேலை. கிராம சபை வருசத்துக்கு ஆறு தடவை, அதில் ஒன்று மார்ச் 22, தண்ணீர் தினம். நாங்கள் அந்தக் கூட்டத்தில் எழுந்தோம். உடனே ஒருவர், "மக்க வரிப்பணத்தைக் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் செலவு பண்ணலாமுங்களா" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அரசியல் சட்டம் 27ஆவது பிரிவு, ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று வரி வசூலிக்கக் கூடாது என்கிறது. நாங்கள் கேட்டது ரோட்டு விளக்கு. கம்பம் எண்களைப் படித்துவிட்டு, கம்பெனி வேன் ராத்திரி ஒன்பதே காலுக்கு முக்கில் இறக்கிவிடுகிற பெண் பிள்ளைகள் பதினேழு பேர் இந்த இருட்டில்தான் நடந்து வருகிறார்கள் என்று சொன்னேன். அந்தப் பதினேழில் ஒன்று அவர் அண்ணன் மகள். அப்புறம் அவரே, தீர்மானத்தில் எழுதுங்கள் என்றார். மே மாதத்துக்குள் 11 கம்பமும் எரிந்தது. கிராம சபைத் தீர்மான நகலை வாங்கிப் பத்திரமாக வையுங்கள், அடுத்தடுத்த மனுவுக்கு அதைவிடப் பெரிய இணைப்பு கிடையாது.

முக்கில் கேமரா வைக்க முதலில் எம்பி நிதியைத்தான் நினைத்தோம். அந்த நிதி விதிகளில் வழிபாட்டு இடத்துக்குள்ளோ, மத அமைப்புக்குச் சொந்தமான நிலத்திலோ வேலை செய்யத் தடை இருக்கிறது. பொது ரோட்டில்தான் கேட்கிறோம் என்றாலும், மனுவில் மூன்று வழிபாட்டு இடத்தின் பெயரைத் தலைப்பில் போட்டால் குழப்பம் வரும் என்று வக்கீல் அக்கா சொன்னார். அதனால் எம்எல்ஏ தொகுதி மேம்பாட்டு நிதியில், "முக்குரோடு கண்காணிப்புக் கேமரா" என்று ரோட்டின் பெயரிலேயே கேட்டோம்.

சுவருக்குத்தான் அதிக அலைச்சல். கிறிஸ்தவ தேவாலயங்களைச் சீரமைக்கத் தமிழ்நாடு அரசு 2016-17இல் தொடங்கிய நிதியுதவித் திட்டத்தில் சுற்றுச்சுவரும் வருகிறது. கட்டடத்துக்குப் பத்து வருசமாவது ஆகியிருக்க வேண்டும், வயது கூடக் கூட உச்சத் தொகையும் கூடும். அந்தத் தொகையை அவ்வப்போது உயர்த்துகிறார்கள், அதனால் பழைய துண்டறிக்கையை நம்பாமல் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கிற பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். சீரமைப்புக்காக வெளிநாட்டுப் பணம் வாங்கியிருக்கக் கூடாது, கட்டடம் சொந்தமாக, அனுமதியோடு கட்டிப் பதிவானதாக இருக்க வேண்டும், ஒருமுறை வாங்கினால் ஐந்து வருசத்துக்கு மறுபடி கேட்க முடியாது. இந்த ஐந்து வருச விதியால்தான் நாங்கள் பெயின்ட் அடிக்கிற ஆசையை விட்டுவிட்டுச் சுவரையும் கேட்டையும் மட்டும் கேட்டோம்.

அனுமதிக் காகிதம் எங்களிடம் இல்லை. ரெண்டு மாசம் தேடினோம். கடைசியில் பழைய பொருளாளரின் மனைவி, எண்பது வயது தாண்டியவர், கட்டிலுக்கடியில் இருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். மேலே ஞானஸ்நான நோட்டு, அதற்கடியில் சிமெண்ட் பில்கள், அதற்கும் அடியில் 1986 பஞ்சாயத்து அனுமதி, நாலாக மடித்து, மடிப்பில் கரையான் தொட்டது போக முத்திரை மட்டும் முழுசாக இருந்தது. "இவரு போறப்ப, இதை மட்டும் தொலைச்சுறாதன்னு சொல்லிட்டுப் போனாருங்க" என்று என் கையில் கொடுத்தார். உங்கள் இடத்தின் பட்டா, அனுமதி, வரி ரசீது எல்லாம் இப்போது எங்கே இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். சம்பவம் நடந்த பிறகு தேடாதீர்கள்.

ரெண்டாவது மனு ஒன்றரைப் பக்கம். இடது பக்கம் பலவீனம், அதற்கு நேராகக் கேட்கிற வேலை, அதற்கு நேராகச் செலவு. கிழக்குச் சுவர் மூணேமுக்கால் அடி, ஏழடியாக உயர்த்த வேண்டும். ஓடைப் பக்கம் சுவர் இல்லை, புதிதாகக் கட்ட வேண்டும். கேட் கொண்டி வெளியிலிருந்து திறக்கிறது, மாற்ற வேண்டும். மொத்தம் 5 லட்சத்து 40 ஆயிரம், மூன்று இடத்தில் வாங்கிய கொட்டேஷனோடு. இணைப்பில் எஃப்ஐஆர், போட்டோக்கள், கிராம சபைத் தீர்மானம், கூடவே கோயில் தரப்பும் ஜமாத்தும் தனித்தனியாகக் கொடுத்த ஆதரவுக் கடிதம். பயம் என்ற சொல் அதில் ஒரு தடவைகூட இல்லை. அதிகாரி படித்துவிட்டு, "ஓடைப் பக்கம் நில அளவை எல்லை போட்டாச்சுங்களா?" என்றுதான் கேட்டார். முதல் தடவையாக ஒரு அலுவலகத்தில் எங்களிடம் வேலையைப் பற்றிக் கேட்டார்கள்.

நடுவில் மூன்று மாசம் எதுவும் நகரவில்லை. சத்தம் போடாமல் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "என் மனு எண் இன்னது, எந்தத் தேதியில் யாரிடம் இருந்தது" என்று மட்டும் கேட்டேன். 30 நாளில் பதில் தர வேண்டும், 26ஆம் நாள் பதில் வந்தது, அதற்குள் பொறியாளரும் வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார். கலெக்டர் தலைமையிலான குழு ஒப்புதல் கொடுத்துக் கோப்பு மேலே போன நேரத்தில் 2024 மார்ச் 16இல் மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். நடத்தை விதி, ஜூன் வரைக்கும் புதிதாக எதுவும் கிடையாது. தேர்தல் வருசம் என்றால் ஆறு மாசம் முன்னாலேயே கோப்பை நகர்த்தப் பாருங்கள். பணம் ரெண்டு தவணையாகத்தான் வரும், அதனால் மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

இதற்கிடையே ஒரு கட்சிக்காரர், ஃப்ளெக்ஸ் வைத்து, சேனல்காரர்களைக் கூட்டி, ஒரு நாள் சாலை மறியல் செய்தால் உடனே காரியம் நடக்கும் என்றார். எங்கள் கமிட்டியிலேயே பாதிப் பேருக்கு அது பிடித்திருந்தது, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வாக்குவாதம். நான் வேண்டாம் என்று நின்றேன். மறியல் நடந்தால் யார் செய்தார்கள் என்று ஒரு பக்கம் பேர் சொல்லுவார்கள், ஆதாரமில்லாமல் சொன்ன பேர் ஊருக்குள் நடக்கத் தொடங்கினால் எத்தனை அடிச் சுவராலும் அதைத் தடுக்க முடியாது. பூசாரி அண்ணனும் பாயும் எங்களோடு அலைந்த ஒரு வருசமும் அதில் போய்விடும். இதைச் சொன்ன பிறகுதான் அடங்கினார்கள்.

2024 நவம்பரில் சுவர் முடிந்தது. டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் முன்னால், முக்கில் கேமரா வந்தது. ஜன்னல் கம்பியை மனுவில் கேட்கவில்லை, அதைச் சபையார் காணிக்கையில் போட்டோம். 2019 ஈஸ்டர் அன்றைக்கு இலங்கையில் சர்ச்சுகளில் நடந்ததற்குப் பிறகு நம் ஊர் சர்ச்சுகளிலும் பண்டிகைக்குப் போலீஸ் வந்து நின்றார்கள், ஆனால் வருசம் பூராவும் நிற்பது நாம்தான். இப்போது ஆராதனை நேரத்தில் ரெண்டு பேர் வாசலில் உட்காருகிறார்கள், ஊருக்குப் புதியவர் வந்தால் எழுந்து போய் வணக்கம் சொல்லிப் பேர் கேட்டு உள்ளே கூட்டி வருவது அவர்கள் வேலை. அப்படிப் பேசினாலே நிறையத் தெரிந்துவிடும், வந்தவருக்கும் சங்கடம் இல்லை.

கிராமக் கோயில் திருப்பணிக்கு அறநிலையத் துறை கொடுக்கிற உதவிக்குப் பூசாரி அண்ணன் எழுதியிருக்கிறார், 2021-22இல் அதை ஒரு கோயிலுக்கு 2 லட்சமாக உயர்த்தினார்கள். அவர் மனுவுக்கு அளவெடுத்தது எங்கள் வாலிபர் சங்கப் பையன்கள். கபர்ஸ்தான் சுவர் வேலைதான் இன்னும் பாக்கி. போன ஞாயிறு சாயங்காலம் பாயும் நானும் பையன்களும் போய் அளந்தோம், மேற்குப் பக்கம் 64 அடி முழுசாக விழுந்து கிடக்கிறது, அதில் 20 அடி ரோட்டை ஒட்டினது. பாய் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தன் அத்தாவை அடக்கம் செய்த இடத்தைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் நின்றார். மனுவை நான் டைப் அடித்துவிட்டேன். வர்ற திங்கட்கிழமை காலையில் ஒன்பது மணி பஸ்ஸுக்கு மூன்று பேரும் கிளம்புகிறோம்.